“டாக்டர், இந்த ஆபரேஷன் மாதம் எத்தனை செய்கிறீர்கள்?”

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் கருப்பை எடுக்கும் ஆபரேஷனைப் பற்றி இந்தப் பகுதியின் ஓரத்தில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளைப் பார்த்தால் சுங்கை சிப்புட்டில் பாதி வீட்டில் இதே பேச்சுதான் போல. காலைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது கேட்கிறார்கள், கோயில் அன்னதான வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு காதோடு காதாகக் கேட்கிறார்கள், வாட்சாப்பில் ஏழு நிமிடக் குரல் பதிவு அனுப்புகிறார்கள். சரி, எல்லாவற்றையும் சேர்த்து இந்த மாதம் இதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. 28 வருஷம் அறுவைக்கூடத்தில் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள், டாக்டர்களின் கையை ஒரு முழ தூரத்திலிருந்து பார்த்தவள். அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். இரண்டு வருஷமாக மாதவிலக்கில் ரத்தம் கொட்டுகிறது. எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 7-க்கு இறங்கி இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். கருப்பையில் நார்க்கட்டி, ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்கு இருக்கிறதாம். ஈப்போவில் அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் வயிற்றைத் திறந்து எடுக்கலாம் என்கிறார். கோலாலம்பூரில் இருக்கும் நாத்தனார், “இந்தக் காலத்தில் யார் வயிற்றைக் கிழிக்கிறார்கள், கீஹோல் செய்துகொள், மூன்றாம் நாள் எழுந்து நடக்கலாம்” என்கிறார். தனியாரில் அப்படிச் செய்கிறார்களாம், ஆனால் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். எது நல்லது? (பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும், தங்கச்சி. கொஞ்சம் பேசுவோம்.

நாத்தனார் சொல்வதில் பொய் இல்லை. 1988-ல் ஹாரி ரைக் என்ற அமெரிக்க டாக்டர் பென்சில்வேனியாவில் முதல்முறையாக இப்படிக் கேமராவையும் கருவிகளையும் வயிற்றுக்குள் விட்டுச் சின்னத் துளை வழியாகக் கருப்பையை எடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிறது. வலி குறைவு, புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் நாத்தனார் ஆபரேஷனின் பெயரைத்தான் பார்க்கிறார், அதைச் செய்கிற கையை விட்டுவிட்டார்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இரண்டு பக்கமும் ஒரு குழாய் இறங்கி வரும், பென்சிலை விட மெல்லியது. அது கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளத்துக்கு அடியில், கருப்பை வாயிலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தள்ளித்தான் போகிறது. அந்த நாளத்தைச் சுட்டு வெட்டாமல் கருப்பையை எடுக்க முடியாது. ஆக, எந்த டாக்டராக இருந்தாலும் அந்த 2 சென்டிமீட்டரில்தான் அவருடைய கைப்பழக்கம் தெரியும். நான் கூட நின்ற ஒரு பெண் டாக்டர் அந்த இடம் வந்ததும் எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொல்வார். திரையில் குழாயைத் தேடி, கருவியின் முனையால் லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அது மண்புழு மாதிரி நெளியும். நெளிந்தால்தான் அது சிறுநீர்க் குழாய், நெளியாவிட்டால் வேறு ஏதோ ஒன்று. அந்த நெளிவைப் பார்க்காமல் அவர் அடுத்த வெட்டு வெட்டி நான் பார்த்ததே இல்லை. வேறொருவர் இருந்தார், நாலு மாதத்துக்கு ஒருமுறை கீஹோல் செய்பவர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். இரண்டு மணி நேரம் என்று எழுதிவைத்த ஆபரேஷன் ஐந்தாவது மணியில் ஓடிக்கொண்டிருக்கும், மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். நல்ல மனிதர், பிரசவத்தில் கெட்டிக்காரர், ஆனால் இந்த வேலையில் கை பழகவில்லை.

இது என் கண்ணில் பட்டது மட்டும் இல்லை. ஃபின்லாந்து நாட்டில் 1996-ல் நடந்த 10,110 கருப்பை நீக்க ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தார்கள். கீஹோல் முறையில் 30-க்கு மேல் செய்து பழகிய டாக்டர்களிடம் அந்தச் சிறுநீர்க் குழாயில் காயம் பட்டது 1,000 பேருக்கு 5 பேர். 30 அல்லது அதற்குக் குறைவாகச் செய்திருந்தவர்களிடம் 22 பேர். சிறுநீர்ப்பைக் காயமும் அப்படித்தான், பழகியவர்களிடம் 8 பேர், மற்றவர்களிடம் 20 பேர். அதே நாடு, அதே ஆபரேஷன். பத்து வருஷம் கழித்து 2006-ல் மறுபடி கணக்குப் பார்த்தபோது, கீஹோலில் குழாய்க் காயம் மொத்தமாகவே 1,000-க்கு 11 என்பதிலிருந்து 3 ஆக இறங்கியிருந்தது.

இதனால் ஈப்போ டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது, “ஏன் டாக்டர் கீஹோல் செய்ய மாட்டீர்கள்” என்று சண்டை போடாதீர்கள். “என் கட்டி அளவுக்குக் கீஹோலில் செய்பவர் இங்கே இருக்கிறாரா, அவர் மாதம் எத்தனை செய்கிறார்” என்று கேளுங்கள். ஐந்து மாத அளவுக் கருப்பையைத் துளை வழியாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது வாரம் முழுக்க இதே வேலையாக இருப்பவர்களுக்கு. தன் கை எது வரைக்கும் போகும் என்று தெரிந்து “திறந்து செய்கிறேன்” என்று சொல்கிற டாக்டர் எனக்குப் பெரிய மனிதராகத்தான் தெரிகிறார். அதே கேள்வியைத் தனியாரிலும் கேட்க வேண்டும். “நிறைய” என்பது பதில் இல்லை. போன மாதம் எத்தனை, அதில் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது எத்தனை என்று எண்ணிக்கையாகச் சொல்ல வேண்டும். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்றும் கேளுங்கள்: அவ்வளவு பெரிய கட்டியை அந்தச் சின்னத் துளை வழியாக எப்படி வெளியே எடுப்பீர்கள்? கருவியால் துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். 2014-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. நார்க்கட்டி என்று நினைத்து ஆபரேஷனுக்குப் போகும் பெண்களில் 350 பேரில் ஒருவருக்கு அதற்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம், நறுக்கும்போது அது வயிற்றுக்குள் சிதறும் என்றது. கட்டியை ஒரு பைக்குள் போட்டு அதற்குள்ளேயே வைத்து நறுக்குகிறாரா, முன்கூட்டியே என்ன பரிசோதனை செய்கிறார் என்பதை வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த எச்.பி. அதை ஏற்றாமல் எந்த ஆபரேஷனுக்கும் படுக்காதீர்கள், அவசரம் என்றால் தவிர. கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்க ஹார்மோன் ஊசி இருக்கிறது. மூன்று மாதம் போட்டால் ரத்தப்போக்கும் நிற்கும், எச்.பி.யும் ஏறும், கட்டி சுருங்கினால் வெட்டும் சின்னதாகலாம். இது உங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு அடகுக்கடைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்கு ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரைப் பார்த்தால் நேற்று படித்து முடித்த பையன் மாதிரி இருக்கிறார். தலை நரைத்த சீனியர் ஒருவர் அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவரிடம் மாற்றிக் கேட்கலாமா? எங்கள் மாமா, பிரசவ டாக்டர் எதற்கு, பொது சர்ஜன்தான் வயிற்று ஆபரேஷனுக்குச் சரி என்கிறார். (லிந்தாங் வாசகர்)

அண்ணே, நரையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அந்த சீனியர் 25 வருஷம் வயிற்றைத் திறந்து செய்தவராக இருக்கலாம், அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லாமல் இருக்கலாம், ஆனால் கீஹோலுக்கு நடுவயதில் வந்தவராகவும் இருக்கலாம். பையன் படிக்கும்போதே கேமராவைப் பிடித்து வளர்ந்தவராக இருக்கலாம். எத்தனை வருஷம் டாக்டராக இருக்கிறார் என்பது வேறு, இந்த ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறார் என்பது வேறு. அதுவும் எப்போதோ ஒரு காலத்தில் நூறு செய்தது போதாது, இப்போதும் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். புதிதாக வருகிற ஆளுக்கு, சாய்க்கப் போகிற கிழட்டு மரத்தைத்தான் முதலில் கொடுப்பார்கள் என்பார். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், அப்புறம் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும், அதில் மறுபடி கத்தி ஓடாது. மனிதர்களில் கிழட்டு மரம் என்று ஒதுக்கிக் கொடுக்க யாரும் இல்லை, அதனால் கற்றுக்கொள்பவரின் பக்கத்தில் கற்றவர் நிற்க வேண்டும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, “யார் செய்வார், யார் கூட நிற்பார், சிக்கல் வந்தால் யார் கைக்கு மாறும்?” இதை மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

மாமாவுக்குச் சொல்லுங்கள், கருப்பையை எடுப்பது நம் நாட்டில் மகப்பேறு – மகளிர் நோய் நிபுணரின் வேலை, பொது சர்ஜனின் வேலை இல்லை. ஆனால் அந்தத் துறைக்குள்ளேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் ராத்திரி முழுக்கப் பிரசவம் பார்த்துவிட்டு மாதத்துக்கு ஒரு கருப்பை எடுப்பார். இன்னொருவர் ஸ்பெஷலிஸ்ட் ஆன பிறகும் நுண்துளை அறுவைக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்து அதை மட்டுமே செய்வார். மகளிர் புற்றுநோய் நிபுணர் ஒருவர் இருப்பார், அந்தச் சிறுநீர்க் குழாயை முழு நீளத்துக்கும் பிரித்தெடுத்துப் பழகியவர். தனிப் பயிற்சி எடுத்தவர்கள் எண்ணிக்கையிலும் அதிகம் செய்வதால், பலன் படிப்பால் வந்ததா பழக்கத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். என்னைக் கேட்டால் பழக்கத்துக்குத்தான் அதிக மார்க் போடுவேன்.

ஒரு விஷயம், இந்த மாதிரி நிபுணரிடம் “சிக்கல் வந்த ஆட்கள் எத்தனை பேர்” என்று மட்டும் கேட்டு முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள். மூன்று சிசேரியன் ஆனவர், குடல் ஒட்டிக்கொண்டவர், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர்ச் சதை வெளியே வளர்வது) முற்றியவர் என்று மற்றவர்கள் கைவிட்டதெல்லாம் அவரிடம்தான் போய்ச் சேரும். கணக்கு மோசமாகத் தெரிவது அதனால்தான்.

பெயரைச் சரிபார்க்க வேண்டுமென்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் தேசிய நிபுணர் பதிவேடு இருக்கிறது, இணையத்தில் யாரும் தேடலாம், மகனிடம் போனைக் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. எந்தத் துறையில் நிபுணர் என்று அதில் தெரியும். எத்தனை ஆபரேஷன் செய்தார் என்பது அதில் இருக்காது, அதை நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

அவசரத்துக்கு யூரோலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டரும் பொது சர்ஜனும் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களா என்றும் கேட்டுவையுங்கள். குழாயிலோ குடலிலோ காயம் பட்டால் தைக்க வருகிறவர்கள் அவர்கள்தான். மாமாவின் பேச்சில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

கேள்வி: கீஹோல் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள், வெளியே வரும்போது அம்மாவின் வயிற்றில் நீளமாகத் தையல். பாதியில் திறக்க வேண்டியதாகிவிட்டது என்கிறார்கள். டாக்டர் தப்பு செய்துவிட்டாரா? (மகள், கோலகங்சார்)

பெரும்பாலும் இல்லை, மகளே. உள்ளே ஒட்டல் அதிகம், ரத்தம் நிற்கவில்லை, கட்டி கேமராவை மறைக்கிறது என்றால் திறப்பதுதான் புத்தி. கௌரவம் பார்த்துத் திறக்காமல் இன்னும் இரண்டு மணி நேரம் துளைக்குள்ளேயே தடவிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2004-ல் பிரிட்டனில் வந்த ஒரு பெரிய ஆய்வில், கீஹோலில் பெரிய சிக்கல் 100-க்கு 11, திறந்து செய்ததில் 6 என்று வந்து பலரைப் பயமுறுத்தியது. பாதியில் திறந்ததையும் அவர்கள் “பெரிய சிக்கல்” என்று எண்ணியிருந்தார்கள், அதை வைத்து டாக்டர்களுக்குள் சண்டையே நடந்தது.

ஆனாலும் ஒன்று உண்மை: கை பழகியவர்களிடம் இப்படிப் பாதியில் திறப்பது குறைவு. அதனால் ஏன் திறந்தீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அறுவைக் குறிப்பில் எல்லாம் எழுதியிருக்கும், விளக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளில் “தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம்” என்ற வரியும் இருந்திருக்கும். அதை யாராவது நம் மொழியில் படித்துச் சொன்னார்களா என்பதுதான் எனக்கு வருத்தமான கேள்வி.

கேள்வி: அக்காவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். துளை போட்டுச் செய்யாமல் திறந்து செய்யப் போகிறார்களாம். காசு இல்லாதவர்கள் என்பதால் பழைய முறையா? (தஞ்சோங் ரம்புத்தான்)

இல்லவே இல்லை. இதில் திறந்து செய்வதுதான் நல்லது. 2018-ல் பல நாடுகளில் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது, 631 பெண்கள். நாலரை வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்தவர்களில் 100-க்கு 96, துளை வழியாகச் செய்தவர்களில் 86. ஆய்வில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் தங்கள் டாக்டர்கள் இந்த வேலையில் பழகியவர்கள் என்று முன்கூட்டியே வீடியோ கொடுத்துக் காட்டியிருந்தன. அப்படியும் இந்த முடிவு! இவ்வளவு நேரம் கைப்பழக்கம் கைப்பழக்கம் என்று பேசிய நானும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். கருப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோய் வேறு கதை, அதற்குப் பொதுவாகத் துளை முறை நன்றாகவே போகிறது. உங்கள் அக்காவை மகளிர் புற்றுநோய் நிபுணர் பார்க்கிறாரா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ரோபோ வைத்துச் செய்தால் தப்பே வராதாமே? (சுங்கை சிப்புட்)

ரோபோ தானாகச் செய்யாது அம்மா, ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்து டாக்டர்தான் ஓட்டுகிறார். புற்றுநோய் அல்லாத காரணங்களுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 264,758 அமெரிக்கப் பெண்களின் கணக்கு 2013-ல் வெளிவந்தது. சிக்கல் ரோபோவில் 100-க்கு 5.5, சாதாரணக் கீஹோலில் 5.3. செலவு மட்டும் ஆளுக்கு 2,000 டாலருக்கு மேல் கூடுதல்.

இதைச் சொல்லும்போது, வயிற்றில் ஒரு துளைகூடப் போடாமல் கீழ்வழியாகவே கருப்பையை எடுக்கும் பழைய முறையை யாரும் கேட்பதே இல்லையே என்று தோன்றுகிறது. கருப்பை இறங்கியவர்களுக்கு மட்டும்தான் அது என்று நினைக்கிறார்கள். 2015-ல் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், முடிந்த இடத்தில் அதுதான் மேல், முடியாவிட்டால் கீஹோல் என்றார்கள். சுகப்பிரசவம் ஆனவர், கருப்பை ரொம்பப் பெரிதாக இல்லை என்றால் “கீழ்வழியாக முடியுமா டாக்டர்” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதைச் செய்து பழகிய கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

கேள்வி: கீஹோல் முடிந்து பத்து நாள். மூன்றே மூன்று சின்னப் புண், வலியும் இல்லை. மண்டோர் எப்போது வருகிறாய் என்கிறார். வேலைக்குப் போகலாமா? (செம்பனைத் தோட்டம், பேராக்)

வேண்டாம்! வெளியேதான் சின்னப் புண். உள்ளே கருப்பை இருந்த இடத்தில், பிறப்புறுப்பின் மேல்முனையைச் சுற்றித் தைத்திருக்கிறார்கள், அது வயிற்றைத் திறந்து செய்தாலும் அதே தையல்தான். அந்தத் தையல் விட்டுப்போவது திறந்து செய்தவர்களை விடக் கீஹோல் செய்தவர்களிடம்தான் அதிகம். ஆறிலிருந்து எட்டு வாரம் உதிரிப் பழ மூட்டை, தண்ணீர் வாளி, கேஸ் தோம்பு எதையும் தூக்கக் கூடாது, கணவரோடு சேர்வதும் கூடாது. வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டதால் பாதி ராத்திரியில் ஓடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மண்டோரிடம் எம்.சி.யைக் காட்டுங்கள். 1955 வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நோய்க்கு வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனைச் சீட்டை போட்டோ எடுத்து ஆபீஸ் கிராணிக்கும் அனுப்பிவையுங்கள்.

கீஹோலில் சூட்டால் பட்ட காயம் அன்றைக்கே தெரியாது, ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக்கூட வெளியே வரும். காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வயிறு உப்பிக்கொண்டே போவது, கீழே தண்ணீர் மாதிரி நிற்காமல் கசிவது, இதில் எது வந்தாலும் தோட்டத்துக் கிளினிக்கில் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள், டிஸ்சார்ஜ் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். ராத்திரியாக இருந்தால் அவசரப் பிரிவு. பக்கத்து வீட்டில் கார் வைத்திருப்பவரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.